சின்ஹலைட்: 'பழுப்பு பெரிடாட்' என்று விற்ற கல்லின் உண்மை முகம்... ஓசூரில் கல் வாங்குவோர் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

ஓசூர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சிப்காட், டிவிஎஸ், டைட்டன். டைட்டனின் கைக்கடிகாரம் மட்டுமல்ல, தனிஷ்க் நகைகள் தயாராகும் இடமும் ஓசூர்தான். இந்த ஊரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூரு. அங்கே நகைப் பட்டறைகளும் மொத்த வியாபாரக் கடைகளும் நிறைந்த நகர்த்பேட்டை இருக்கிறது. தங்கம் வாங்கவும் கல் வாங்கவும் எல்லையின் இரண்டு பக்கமும் போய்வருவது இங்கே இருப்பவர்களுக்கு சர்வ சாதாரணம்.

தங்கம் என்றால் ஹால்மார்க் பார்க்கிறோம். கல் என்றால்? நிறத்தைப் பார்க்கிறோம், பளபளப்பைப் பார்க்கிறோம், கடைக்காரர் சொல்லும் பெயரை நம்புகிறோம். அப்படி நிறத்தை வைத்து மட்டும் ஒரு கல்லுக்குப் பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே ஒத்துக்கொண்ட ஓர் உதாரணம் பக்கத்து நாடான இலங்கையில் இருக்கிறது. அதன் பெயர் சின்ஹலைட்.

வியாபாரிகளும் சேகரிப்பாளர்களும் பல ஆண்டுகளாக 'பழுப்பு பெரிடாட்' என்று அழைத்து வந்த கல் அது. 1952ல் ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்தபோதுதான் பெரிடாட்டே இல்லை, அதுவரை யாரும் பெயர் வைக்காத புதிய கனிமம் என்பது தெரிந்தது. அது என்ன கல்? ஏன் இவ்வளவு அரிது? கிருஷ்ணகிரி மலைகளில் கிடைக்குமா? விரிவாகப் பார்க்கலாம்.

சின்ஹலைட் என்றால் என்ன?

சின்ஹலைட் ஒரு போரேட் கனிமம். அதாவது போரான் என்ற தனிமமும் ஆக்சிஜனும் சேர்ந்த அமைப்பை அடித்தளமாகக் கொண்ட கனிமம். இதில் மெக்னீசியம் ஓர் அணு, அலுமினியம் ஓர் அணு, போரான் ஓர் அணு, ஆக்சிஜன் நான்கு அணுக்கள். அவ்வளவுதான், ரொம்ப எளிமையான கூட்டணி.

இலங்கைத் தீவுக்கு சமஸ்கிருதத்தில் வழங்கிய 'ஸிம்ஹல' என்ற பெயரிலிருந்துதான் கல்லுக்கு இந்தப் பெயர் வந்தது. நிறம் வெளிர் மஞ்சள், தேன் பழுப்பு, பச்சை கலந்த பழுப்பு, அடர் பழுப்பு என்று மாறும். இந்த நிறத்துக்குக் காரணம் கல்லுக்குள் கொஞ்சமாகக் கலந்திருக்கும் இரும்பு. கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஒரு பக்கம் வெளிர் பழுப்பு, இன்னொரு பக்கம் பச்சை கலந்த பழுப்பு, வேறொரு பக்கம் அடர் பழுப்பு என்று நிறம் மாறித் தெரியலாம்.

கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் ஆறரை முதல் ஏழு வரை. வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9 என்பதோடு ஒப்பிட்டால் இது நடுத்தரம்தான். நம் வீட்டுத் தூசியில் இருக்கும் மணல் துகள், அதாவது குவார்ட்ஸ், கடினத்தன்மை 7 கொண்டது. அதனால் தினமும் போடும் மோதிரத்தில் பதித்தால் காலப்போக்கில் கீறல் விழும். டாலர், கம்மல் மாதிரி உரசல் குறைந்த நகைக்குத்தான் இது பொருத்தம்.

அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இலங்கையில் கிடைத்த, பட்டை தீட்டிய 109.8 காரட் சின்ஹலைட் ஒன்று இருக்கிறது. ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். அப்படியென்றால் அந்த ஒரு கல்லின் எடை கிட்டத்தட்ட 22 கிராம், அதாவது பவுன் கணக்கில் இரண்டே முக்கால் பவுன்.

போரேட்னா என்ன? வெங்காரத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. ஓசூர், கிருஷ்ணகிரியில் எந்த நகைப் பட்டறைக்குள் போனாலும் ஒரு டப்பாவில் வெள்ளைத் தூள் இருக்கும். அதுதான் வெங்காரம். பற்றவைக்கும்போது தங்கத்தின் மேல் இதைத் தடவுவார்கள். சூட்டில் உருகி, உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடைக் கரைத்து, பற்றாசு சீராக ஓட வழி செய்யும். இந்த வெங்காரமும் ஒரு போரேட்தான். அது சோடியம் போரேட், நீரும் சேர்ந்தது. கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடரும் போரான் குடும்பத்துப் பொருளே.

ஆனால் வெங்காரத்துக்கும் சின்ஹலைட்டுக்கும் குணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வெங்காரம் தண்ணீரில் கரையும், நகத்தால் கீறினாலே தூளாகும். வறண்ட ஏரிகளிலும் வெந்நீர் ஊற்றுகளின் ஓரத்திலும் நீர் வற்றும்போது படிவது அது. இந்தியாவில் இதற்குப் பேர்போன இடம் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,400 மீட்டர் உயரத்தில், வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி வெங்காரம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும்.

சின்ஹலைட் அப்படியல்ல. பூமிக்கடியில் கடும் வெப்பத்தில், நீர் மூலக்கூறு எதுவும் சேராமல் உருவாகும் போரேட் இது. தண்ணீரில் கரையாது. தாய்ப்பாறை சிதைந்து ஆற்றில் அடித்துவரப்பட்ட பிறகும் உடையாமல் கூழாங்கல்லாக மிஞ்சும். கரையாத, கடினமான, நகையில் பதிக்கத் தகுந்த போரேட் என்பதே முதல் அதிசயம்.

போரான் ஏன் இவ்வளவு குறைவு?

இதற்கு விடை தேட வானத்துக்குத்தான் போக வேண்டும். கார்பன், ஆக்சிஜன், சிலிக்கான், இரும்பு போன்றவை நட்சத்திரங்களுக்குள் அணுக்கரு இணைவால் உருவானவை. போரான் அப்படி உருவாவதில்லை. விண்வெளியில் அதிவேகமாகப் பாயும் காஸ்மிக் கதிர்கள் கார்பன், ஆக்சிஜன் போன்ற பெரிய அணுக்களில் மோதி உடைக்கும்போது கிடைக்கும் சில்லுதான் பெரும்பாலான போரான். அதனால் பிரபஞ்சத்திலேயே இது அரிதான தனிமம்.

பூமியின் மேலோட்டில் சராசரியாக ஒரு டன் பாறையை எடுத்துக்கொண்டால் அதில் சிலிக்கான் சுமார் 280 கிலோ இருக்கும், அலுமினியம் சுமார் 80 கிலோ, மெக்னீசியம் 20 கிலோவுக்கு மேல். போரான்? சுமார் 10 கிராம். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சின்ஹலைட் ஏன் அரிது, ஏன் எல்லா மலையிலும் கிடைக்காது என்பதற்கு விடை இதில்தான் இருக்கிறது.

பெரிடாட் போலவே இருக்கக் காரணம் என்ன?

பெரிடாட் என்பது ஆலிவின் என்ற கனிமத்தின் நகைத்தர வடிவம். ஆலிவின் நமக்குப் புதிதல்ல. சேலம் மேக்னசைட் சுரங்கப் பகுதியில் வெட்டியெடுக்கும் டியூனைட் பாறையில் பெரும்பகுதி ஆலிவின்தான். அதன் அமைப்பில் மெக்னீசியம் இரண்டு, சிலிக்கான் ஒன்று, ஆக்சிஜன் நான்கு. மெக்னீசியத்தின் ஒரு பங்கு இடத்தில் இரும்பு உட்கார்ந்திருக்கும்.

இப்போது சின்ஹலைட்டைப் பாருங்கள். ஆலிவினில் சிலிக்கான் இருந்த இடத்தில் போரான். இரண்டு மெக்னீசியத்தில் ஒன்றின் இடத்தில் அலுமினியம். மற்றபடி அணுக்கள் அடுக்கப்பட்ட முறை அப்படியே ஒன்றுதான்.

இடம் மாறினால் மின்சுமைக் கணக்கு இடிக்காதா? இடிக்காது. ஆலிவினில் மெக்னீசியம் 2, இன்னொரு மெக்னீசியம் 2, சிலிக்கான் 4, மொத்தம் 8. சின்ஹலைட்டில் மெக்னீசியம் 2, அலுமினியம் 3, போரான் 3, மொத்தம் 8. கணக்கு கச்சிதமாகச் சரியாகிவிடுகிறது. நான்கு ஆக்சிஜனின் எதிர்ச்சுமையும் 8தான்.

பஸ்ஸில் சீட் அதேதான், உட்கார்ந்திருக்கும் ஆள்தான் வேறு. வெளியிலிருந்து பஸ்ஸைப் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. படிகத்தின் வடிவம், பளபளப்பு, இரும்பு தரும் நிறச்சாயல், ஒளியை இரண்டாகப் பிரிக்கும் தன்மை எல்லாமே கிட்டத்தட்ட ஒன்று. கண்ணை ஏமாற்ற இதைவிட என்ன வேண்டும்?

1952ல் என்ன நடந்தது?

இலங்கையிலிருந்து போன சில பழுப்புக் கற்கள் பெரிடாட் என்ற பெயரில் விற்பனையாகின, சேகரிப்புகளிலும் இடம்பிடித்தன. ஆனால் எடை பார்த்தவர்களுக்கு ஒன்று உறுத்தியது. வழக்கமான பெரிடாட்டின் ஒப்படர்த்தி 3.34. அதாவது அதே அளவு தண்ணீரைவிட 3.34 மடங்கு கனம். இந்தப் பழுப்புக் கற்களுக்கோ 3.47, 3.50 என்று வந்தது.

ஆலிவினில் இரும்பு கூடினால் அடர்த்தியும் கூடும். ஆகவே அடர்த்தியை மட்டும் வைத்து 'இது வேறு கல்' என்று அடித்துச் சொல்ல முடியாது. முடிவு சொன்னது எக்ஸ்ரேயும் வேதியியல் பகுப்பாய்வும். லண்டனில் உள்ள பிரிட்டிஷ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கனிமவியலாளர்கள் கிளாரிங்புல்லும் மேக்ஸ் ஹேயும் இந்தக் கற்களை ஆராய்ந்தனர். உள்ளமைப்பு ஆலிவின் மாதிரிதான் இருந்தது, ஆனால் அணுக்களுக்கு இடையிலான அளவுகள் சிறியதாக இருந்தன. வேதியியல் கூறு பார்த்தால் அதைவிடப் பெரிய ஆச்சரியம். ஆலிவின் என்றால் இருந்தே ஆக வேண்டிய சிலிக்கானுக்குப் பதிலாக போரான். 1952ல் 'சின்ஹலைட், ஒரு புதிய கனிமம்' என்று உலகுக்கு அறிவித்தார்கள்.

பொதுவாகப் புதிய கனிமம் என்றால் ஏதோ ஒரு பாறையில், பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டிய பொடித் துகளாகத்தான் முதலில் கிடைக்கும். சின்ஹலைட் கதை தலைகீழ். பட்டை தீட்டி, விலை வைத்து, வேறு பெயரில் கைமாறிய பிறகு அடையாளம் கண்டுபிடிக்கப்பட்ட கனிமம் இது.

லேசான அணுக்கள், கனமான கல்... எப்படி?

இங்கேதான் ஒரு சுவாரஸ்யம். சிலிக்கானைவிட போரான் ரொம்ப லேசான அணு. அப்படியானால் சின்ஹலைட் பெரிடாட்டைவிட லேசாகத்தானே இருக்க வேண்டும்?

போரான் அணு அளவிலும் சின்னது. அதைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள் மிக நெருங்கி வந்து நிற்கும். அலுமினியமும் மெக்னீசியத்தைவிடக் குறைந்த இடத்தையே எடுத்துக்கொள்ளும். அதனால் மொத்தக் கட்டடமும் சுருங்கிவிடுகிறது. எடை சற்று குறைகிறது, ஆனால் அதைவிட வேகமாகக் கன அளவு குறைகிறது. முடிவில் அதே அளவு கல்லை எடுத்தால் சின்ஹலைட்தான் கனம்.

பெரிடாட்டா, சின்ஹலைட்டா... பிரித்தறிவது எப்படி?

வெறும் கண்ணால் முடியாது. அளவுகள்தான் சொல்லும்.

ஒப்படர்த்தி: சின்ஹலைட் சுமார் 3.48, பெரிடாட் சுமார் 3.34.

ஒளிவிலகல் எண்: சின்ஹலைட் சுமார் 1.668 முதல் 1.707 வரை, பெரிடாட் சுமார் 1.654 முதல் 1.690 வரை.

நடு எண்: இரண்டு கல்லுக்குமே மூன்று ஒளிவிலகல் எண்கள் உண்டு. பெரிடாட்டில் நடு எண் கிட்டத்தட்ட சரிபாதியில் நிற்கும். சின்ஹலைட்டில் அது 1.698 வாக்கில், மேல் எண்ணை ஒட்டி நிற்கும். ரத்தினப் பரிசோதகருக்கு இது பெரிய துப்பு.

நிறமாலை: கல் வழியே ஒளியைச் செலுத்திப் பிரித்துப் பார்த்தால் நீலப் பகுதியில் கருப்புப் பட்டைகள் தெரியும். பெரிடாட்டில் மூன்று. சின்ஹலைட்டில் ஏறக்குறைய அதே இடங்களில் மூன்று, கூடவே 463 நானோமீட்டரில் நான்காவதாக ஒன்று.

எடை விஷயத்தை ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். 10 காரட், அதாவது 2,000 மில்லிகிராம் கல் ஒன்றை முதலில் காற்றிலும் பிறகு தண்ணீருக்குள் தொங்கவிட்டும் எடை போடுகிறோம். தண்ணீருக்குள் எடை குறையும். அந்தக் குறைவு பெரிடாட் என்றால் சுமார் 599 மில்லிகிராம், சின்ஹலைட் என்றால் சுமார் 575 மில்லிகிராம். இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 24 மில்லிகிராம். நல்ல மின்னணுத் தராசுக்கு இது போதும். ஆனால் ஒரு காரட் கல் என்றால் வித்தியாசம் இரண்டரை மில்லிகிராம்கூட வராது. அதனால்தான் சின்னக் கல்லுக்கு எடையை மட்டும் நம்பாமல் ஒளிச் சோதனையும் செய்கிறார்கள்.

கோமேதகத்தோடு குழம்புமா?

குழம்பலாம். நம் ஊர் கடைகளில் பழுப்பு, தேன் நிறக் கல் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது கோமேதகம். நவரத்தினங்களில் ஒன்றான கோமேதகம் கார்னெட் வகையைச் சேர்ந்தது. சின்ஹலைட் நவரத்தினப் பட்டியலில் கிடையாது.

இந்த இரண்டையும் பிரிக்க 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றே பெரும்பாலும் போதும். கல்லின் மேல் முகம் வழியாக அடிப்பக்கத்து விளிம்புக் கோடுகளை உற்றுப் பாருங்கள். சின்ஹலைட், பெரிடாட் இரண்டிலும் அந்தக் கோடுகள் இரட்டையாகத் தெரியும், ஏனென்றால் இவை ஒளியை வலுவாக இரண்டாகப் பிரிப்பவை. கோமேதகத்தில் ஒற்றைக் கோடுதான் தெரியும். பழுப்புக் கண்ணாடியிலும் ஒற்றைதான், கூடவே உருண்டையான காற்றுக் குமிழிகளும் தெரியலாம். பார்க்கும் கோணத்தைப் பொறுத்து இரட்டிப்பு மறையலாம் என்பதால் இரண்டு, மூன்று பக்கமாகத் திருப்பிப் பார்ப்பது அவசியம்.

எங்கே கிடைக்கிறது, எப்படி உருவாகிறது?

முதல் இடம் இலங்கைதான். இரத்தினபுரி உள்ளிட்ட பகுதிகளில் பழைய ஆற்றுப் படுகைகளின் அடியில் கூழாங்கற்களும் களிமண்ணும் கலந்த ஓர் அடுக்கு இருக்கும். சிங்களத்தில் அதை 'இல்லம' என்பார்கள். மரச்சட்டம் முட்டுக்கொடுத்துக் குழி தோண்டி, அந்த அடுக்கை மேலே கொண்டுவந்து, கூடையில் போட்டு நீரில் அலசுவார்கள். லேசான மண்ணும் மணலும் போய்விட, கனமான கற்கள் அடியில் தங்கும். நீலக்கல், கார்னெட், ஸ்பினல், சிர்கான் நடுவே எப்போதாவது ஒரு சின்ஹலைட் வந்து நிற்கும்.

மியான்மரின் மோகோக், தான்சானியா, மடகாஸ்கர், அமெரிக்காவின் நியூயார்க் மாகாணம் ஆகிய இடங்களிலும் சின்ஹலைட் பதிவாகியிருக்கிறது. எல்லாம் கணக்கில் சொல்லக்கூடிய இடங்கள்தான். நகைக்குத் தகுந்த பெரிய கல் என்றால் இன்றும் முக்கிய ஊற்று இலங்கையே.

உருவாகும் சமையல் குறிப்பு இதுதான். மெக்னீசியம் நிறைந்த சுண்ணாம்புப் பாறை வேண்டும். அதை ஒட்டி கிரானைட் அல்லது நைஸ் பாறை இருக்க வேண்டும். இரண்டும் கடும் வெப்பத்தில் சந்திக்க, போரான் கரைந்த சூடான திரவம் அந்த எல்லையில் ஊடுருவ வேண்டும். இவ்வளவும் நடக்கும்போது அந்த இடத்தில் சிலிக்கா குறைவாக இருக்க வேண்டும். கடைசி நிபந்தனைதான் ரொம்ப கறாரானது. சிலிக்கா தாராளமாக இருந்தால் அந்த இருக்கையில் சிலிக்கான் உட்கார்ந்துவிடும், போரான் வேறு கனிமத்துக்குப் போய்விடும். ஒரு டன்னுக்கு 280 கிலோ சிலிக்கான், 10 கிராம் போரான் என்ற கணக்கை நினைத்துப் பாருங்கள். போட்டியில் யார் ஜெயிப்பார்?

ஆனந்த குமாரசாமி கண்ட இன்னொரு கல்

சின்ஹலைட்டுக்கு அரை நூற்றாண்டு முன்பே இலங்கையில் போரான் கொண்ட இன்னொரு அரிய கனிமம் அடையாளம் காணப்பட்டது. அதன் பெயர் செரண்டிபைட். இலங்கையின் பழைய அரபுப் பெயரான செரண்டிப் என்பதிலிருந்து வந்தது. நீல நிறக் கனிமம். 1903ல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் இதை அறிவித்த இருவர் பிரையர் மற்றும் ஆனந்த குமாரசாமி.

ஆமாம், சிவ நடனம் பற்றியும் இந்தியக் கலை பற்றியும் எழுதிப் புகழ்பெற்ற அதே ஆனந்த குமாரசாமிதான். 1877ல் கொழும்பில் பிறந்தவர். தந்தை சர் முத்து குமாரசாமி, இலங்கைத் தமிழர்களில் முக்கியமானவர். கலை விமர்சகராக அறியப்படும் முன் ஆனந்த குமாரசாமி ஒரு புவியியலாளர். இலங்கை கனிமவியல் ஆய்வுத் துறையின் முதல் இயக்குநராகவும் இருந்தவர்.

செரண்டிபைட் முழு போரேட் அல்ல. அதில் சிலிக்கானும் போரானும் சேர்ந்தே இருக்கும். ஆனால் பிறப்பிடம் சின்ஹலைட் போன்றதே. சுண்ணாம்புப் பாறையும் வேறு பாறையும் வெப்பத்தில் சந்திக்கும் எல்லை. நியூயார்க் மாகாணத்தின் ஜான்ஸ்பர்க்கில் இந்த இரண்டு கனிமங்களுமே பதிவாகியிருக்கின்றன.

கிருஷ்ணகிரியில் சின்ஹலைட் கிடைக்குமா?

இலங்கையும் தென்னிந்தியாவும் ஒரு காலத்தில் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலத்தின் பகுதிகள். அப்படியிருக்க இங்கேயும் கிடைக்கலாமே என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் பாறை சொல்லும் பதில் வேறு.

கிருஷ்ணகிரி, ஓசூர் பகுதிப் பாறைகள் தார்வார் நிலப்பகுதியைச் சேர்ந்தவை. சுமார் 250 கோடி ஆண்டு வயது. இலங்கையின் மத்திய மலைப் பகுதிப் பாறைகள் கடும் வெப்பத்தில் உருமாறியது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அங்கே சுண்ணாம்புப் பாறைகள் உருமாறிய பளிங்கு அடுக்குகள் நிறைய. இங்கே நமக்குப் பேர் வாங்கித் தந்தது கிரானைட். ஏற்றுமதியாகும் பல நிற கிரானைட் பாளங்கள் கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்துக் குவாரிகளிலிருந்து போகின்றன.

கிரானைட்டில் குவார்ட்ஸ், அதாவது தூய சிலிக்கா, தாராளமாக உண்டு. சின்ஹலைட் வேண்டாம் என்று ஒதுங்கும் சூழல் இதுதான். கிரானைட்டில் போரான் இருந்தாலும் அது டூர்மலின் என்கிற தோரமல்லியாக, பெரும்பாலும் கரிய நிறத்தில்தான் உருவாகும். டூர்மலின் என்ற பெயரே 'தோரமல்லி' என்ற சிங்களச் சொல்லிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது என்பது கூடுதல் தகவல்.

ஊத்தங்கரை பக்கம் சாமல்பட்டியில் சிலிக்கா குறைந்த கார்பனடைட் பாறை இருக்கிறதே என்று கேட்கலாம். புவியியல் படித்தவர்களுக்குத் தெரிந்த இடம் அது. சுண்ணாம்பு மாதிரி தெரிந்தாலும் அது கடலில் படிந்த சுண்ணாம்பு அல்ல, பூமியின் ஆழத்திலிருந்து குழம்பாக மேலே வந்த கார்பனேட் பாறை. போரான் அதிகம் சேர்வது கடல் படிவங்களிலும் உப்புநீரிலும் கிரானைட்டின் கடைசிக் கட்டத் திரவங்களிலும்தான். ஆழத்திலிருந்து வரும் குழம்பில் அது சொற்பம். ஆக, ஓரிடத்தில் போரான் இருந்தால் சிலிக்கா அதிகம், இன்னோரிடத்தில் சிலிக்கா குறைந்தால் போரான் இல்லை.

தமிழ்நாட்டில் போரான் கனிமமே கிடையாது என்று அர்த்தமல்ல. எல்லம்மன்கோவில்பட்டியில் கார்னெருபைன் என்ற போரான் கலந்த சிலிக்கேட் கனிமத்தை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். ஆனால் 'நம்ம ஊர் மலையில் எடுத்த சின்ஹலைட்' என்று யாராவது பழுப்புக் கல்லை நீட்டினால், வாங்கும் முன் ஆய்வகச் சான்று கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

அரிய கனிமமும் அரிய மண் தனிமமும் ஒன்றா?

இல்லை. அடிக்கடி குழப்பிக்கொள்ளும் விஷயம் இது. டிவிஎஸ், ஏத்தர், ஓலா என்று மின்சார ஸ்கூட்டர் தயாரிப்பு நடக்கும் மாவட்டம் என்பதால் 'அரிய மண்' என்ற வார்த்தை இங்கே அடிக்கடி காதில் விழுகிறது. 2025 ஏப்ரலில் சீனா சில அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றாலான காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபோது வாகனத் துறையே கவலைப்பட்டது.

மின்சார மோட்டார்களில் பயன்படும் வலுவான காந்தம் நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்தது. அதில் போரான் எடையில் சுமார் 1 சதவீதம் மட்டும். நியோடிமியம் அரிய மண் தனிமம், போரான் அல்ல. அந்தப் போரானும் சின்ஹலைட்டிலிருந்து வருவதில்லை. துருக்கியிலும் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் டன் கணக்கில் வெட்டியெடுக்கும் வெங்காரம் போன்ற மென்மையான போரேட்டுகள்தான் உலகின் போரான் தேவையைத் தீர்க்கின்றன. சின்ஹலைட்டுக்குத் தொழிற்சாலை மதிப்பு கிடையாது. அதன் மதிப்பு நகையிலும் சேகரிப்பிலும் மட்டும்தான். 'எதிர்காலத்தில் பேட்டரிக்குத் தேவைப்படும் கல்' என்று சொல்லி யாராவது விலை ஏற்றினால் நம்ப வேண்டாம்.

கல் வாங்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

முதல் விஷயம், ஹால்மார்க் கல்லுக்கு அல்ல. நகையில் இருக்கும் 6 இலக்க எச்யூஐடி எண் தங்கத்தின் தூய்மையை மட்டுமே உறுதிசெய்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகை விற்பனைக்கு இந்த எண் கட்டாயம். ஆனால் அதே நகையில் பதித்த கல் பெரிடாட்டா, சின்ஹலைட்டா, கண்ணாடியா என்பதைப் பற்றி அந்த எண் ஒரு வார்த்தையும் சொல்லாது.

இரண்டாவது, பில். தங்கத்தின் நிகர எடை, காரட், தூய்மை ஆகியவை பில்லில் தனியாக இருக்க வேண்டும். கல்லின் பெயர், எடை, விலை ஆகியவற்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். வெறுமனே 'ஸ்டோன்' என்று எழுதிய பில் பின்னால் எதற்கும் உதவாது.

மூன்றாவது, ஆய்வகச் சான்று. விலை அதிகமான கல் என்றால் அங்கீகாரம் பெற்ற ரத்தின ஆய்வகத்தின் அறிக்கை கேளுங்கள். அதில் கனிமத்தின் பெயர் 'இயற்கை சின்ஹலைட்' என்று தெளிவாக இருக்க வேண்டும். ஒளிவிலகல் எண், ஒப்படர்த்தி இரண்டையும் மேலே சொன்ன அளவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எடையும் அளவும் உங்கள் கையில் இருக்கும் கல்லோடு பொருந்துகிறதா என்பதும் முக்கியம். இலங்கையில் வாங்கினால் அந்நாட்டின் தேசிய ரத்தினம் மற்றும் ஆபரண அதிகார சபையிடம் சோதிக்க வழி இருக்கிறது.

நான்காவது, பழைய கல். வீட்டில் தாத்தா, பாட்டி காலத்து 'பழுப்பு பெரிடாட்' இருந்தால் அவசரப்பட்டு விற்க வேண்டாம். அது சின்ஹலைட்டாகவும் இருக்கலாம், சாதாரணக் கண்ணாடியாகவும் இருக்கலாம். ஒரு சோதனை செய்துவிட்டு விலை பேசுவது நல்லது. நகையைப் பற்றவைக்கக் கொடுத்தால் கல்லைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். குறிப்பாகப் பெரிடாட்டைப் பட்டறை அமிலம் அரிக்கும்.

பெங்களூரில் வாங்கி ஏமாந்தால் எங்கே புகார் கொடுப்பது?

எல்லையோர ஊர்க்காரர்களுக்கு இது முக்கியமான கேள்வி. கடை கர்நாடகாவில், வீடு தமிழ்நாட்டில். வழக்குக்காக பெங்களூருக்கு அலைய வேண்டுமா?

வேண்டாம். 2019ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் வாங்கியவர் தான் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஓசூரில் வசிப்பவர் பெங்களூரில் வாங்கிய கல்லுக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கான ஆணையத்தை அணுகலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்தும் புகாரைப் பதிவுசெய்யலாம். இரண்டுக்குமே பில்லும் ஆய்வக அறிக்கையும்தான் ஆதாரம்.

சுருக்கமாகச் சொன்னால்...

சின்ஹலைட் என்பது மெக்னீசியம், அலுமினியம், போரான், ஆக்சிஜன் சேர்ந்த, நீர் சேராத அரிய போரேட் கனிமம்.

பெரிடாட்டும் இதுவும் ஒரே மாதிரி கட்டமைப்பு கொண்டவை. 1952ல்தான் தனிக் கனிமம் என்று உறுதியானது.

ஒப்படர்த்தி 3.48, ஒளிவிலகல் எண் 1.668 முதல் 1.707, கடினத்தன்மை ஆறரை முதல் ஏழு. பெரிடாட்டிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது முதல் இரண்டு எண்களும் நிறமாலையும்.

மெக்னீசியமும் போரானும் சேர்ந்து, சிலிக்கா குறைந்த இடத்தில் மட்டும் உருவாகும். முக்கிய ஊற்று இலங்கையின் ஆற்றுப் படிவங்கள். கிருஷ்ணகிரி கிரானைட் இதற்கு ஏற்ற இடம் அல்ல.

ஹால்மார்க் தங்கத்துக்கு மட்டும்தான். கல்லுக்கு, பெயர் எழுதிய பில்லும் ஆய்வக அறிக்கையும் கேட்டு வாங்குங்கள்.